எல்லோருக்கும் ஒரே பதில்

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறி முடித்த தட்டுகளைக் கழுவுவதற்குள் வெள்ளையம்மா தன் கைப்பேசியை மருமகளின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இந்தப் பொண்ணப் பாரும்மா. பொந்தியான். மருந்துக்கடையில வேல செய்யுது. நம்ம சின்னவன் வசந்தனுக்குச் சரியா வருமா?”

லோஷினி பார்த்தாள். பச்சைச் சேலையில், கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தவள் மலர். சனிக்கிழமைதோறும் பொந்தியானில் ஒரு கிளினிக்கின் மாடியறையில் லோஷினிக்கு எதிர் நாற்காலியில் உட்காரும் பெண்.

“நீதான் வாராவாரம் அங்க போறியே. இந்தப் பொண்ணத் தெரியுமா?”

“சொல்ல முடியாது அத்தை,” என்றாள் லோஷினி.

சரியான பதில்தான். ஆனால் அந்த வீட்டில், அந்த நேரத்தில், அது தப்பான பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

லோஷினி மனநல ஆலோசகர். மற்ற நாள்களில் கூலாயில் ஓர் அலுவலகம், சனிக்கிழமை மட்டும் பொந்தியான். அவளிடம் வந்து பேசுகிறவர்கள் சொல்வது அந்த அறையைவிட்டு வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை முதல் நாளே வருகிறவர்களிடம் சொல்லிவிடுவாள். இது எல்லோருக்கும் தெரிந்த விதி. பலருக்குத் தெரியாத இன்னொரு பகுதியும் அதில் இருக்கிறது. என்ன பேசினார்கள் என்பது மட்டும் ரகசியமில்லை, வந்தார்கள் என்பதே ரகசியம். மலர் எதற்காக வந்தாள் என்பது இந்தக் கதைக்கும் தேவைப்படாது.

அதற்கு முந்தைய வாரம் வெள்ளையம்மா ஸ்கூடாய்ப் பெண் ஒருத்தியின் படத்தைக் காட்டி இதே கேள்வியைக் கேட்டிருந்தார். லோஷினி யோசிக்காமல் “தெரியாது அத்தை” என்றாள். உண்மையிலேயே தெரியாது. இப்போது இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெரியாத பெண்ணுக்குத் ‘தெரியாது’. இந்தப் பெண்ணுக்குச் ‘சொல்ல முடியாது’. அப்படியானால் தெரியும் என்றுதானே பொருள்? லோஷினி வாயைத் திறக்காமலே விஷயம் வெளியே போய்விட்டது.

வேறு மாமியாராக இருந்தால் கவனிக்காமல் விட்டிருக்கலாம். வெள்ளையம்மா ஓய்வு பெறும்வரை செனாயில் ஓர் எலெக்ட்ரோனிக்ஸ் தொழிற்சாலையில் தரச் சோதனையில் இருந்தவர். வரிசையாக ஓடிவரும் போர்டுகளைப் பூதக்கண்ணாடி விளக்கின்கீழ் பார்த்து, ஒன்றில் மட்டும் ஏதாவது மாறியிருந்தால் எடுத்துத் தனியே வைப்பது அவருடைய வேலை. என்ன பழுது என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. மாறியிருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அவர் கைப்பேசியை மெல்ல மூடி வைத்தார். “சரி,” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் தொலைபேசியில் கல்யாணத் தரகரிடம் அவர் பேசுவது வரவேற்பறையில் துணி மடித்துக்கொண்டிருந்த லோஷினிக்குக் கேட்டது. “பொந்தியான் பொண்ணா? கொஞ்சம் பொறுங்க. அவசரப்பட வேணாம்… இல்ல இல்ல, காரணம்னு ஒண்ணும் இல்ல.”

லோஷினியின் கையில் கணவன் ஜெயபாலனின் வேலைச் சட்டை இருந்தது. அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவனிடமும் இதைச் சொல்ல முடியாது. தரகர் காரணத்தைத் தேடுவார். தேடினால் ஊகிப்பார். பொந்தியான் சின்ன ஊர். ‘அந்தப் பொண்ணு கவுன்சிலிங் போகுதாம்’ என்று ஒரு வாய் சொன்னால் போதும், மருந்துக்கடைக்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள் மலரைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். லோஷினியை நம்பி மாடியேறி வந்ததுதான் மலர் செய்த குற்றம் என்றாகிவிடும்.

இனிமேல் என்ன சொன்னாலும் தப்பு. ‘நல்ல பொண்ணு அத்தை’ என்றால் தெரியும் என்று ஒப்புக்கொண்டதாகும். ‘தெரியாது’ என்றால் பொய். அதுவும் காலம் கடந்த பொய். சும்மா இருந்தால் சந்தேகம் வளரும்.

செவ்வாய்க்கிழமை கூலாய் அலுவலகத்தில் ஒருவர் தன் தம்பியோடு ஏற்பட்ட சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். லோஷினி தலையாட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவர், “அதுக்கு நான் என்ன செஞ்சிருக்கணும் மிஸ்?” என்று நிறுத்தினார். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. தலை ஆடியிருக்கிறது, காதில் ஒன்றும் விழவில்லை.

“மன்னிக்கணும் சார். கடைசியா நீங்க சொன்னத நான் சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்வீங்களா?” என்றாள். அவர் சொன்னார். பெரிய மனது.

ஆனால் லோஷினி அதை அப்படியே விட்டுவிடவில்லை. தச்சருக்கு உளி போல ஆலோசகருக்கு அவருடைய கவனம்தான் கருவி. அதைக் கழற்றி மேசையில் வைத்துத் துடைக்க முடியாது, ஆளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆள் களைத்தால் அதுவும் மழுங்கும். அதனால்தான் இந்தத் தொழிலில் ஓய்வெடுப்பதும் உதவி கேட்பதும் சொந்த விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல; வேலையின் ஒரு பாகம். இதையெல்லாம் லோஷினி பயிற்சிப் பட்டறைகளில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அன்று மத்தியானம்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஷாமளாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: ‘ஒரு கேஸ் பத்திப் பேசணும். நேர்ல.’

ஷாமளா பல்கலைக்கழகத்தில் கூடப் படித்தவள். இப்போது பத்து பஹாட்டில் ஆலோசகர். இருவருக்கும் நடுவில் ஆயர் ஈத்தாம் இருக்கிறது. புதன்கிழமை மத்தியானம் அங்கே சந்தித்தார்கள். கடையில் உட்கார்ந்து பேசவில்லை. பக்கத்து மேசைக்கும் காது உண்டு. பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொடுத்த ஐஸ் தேநீரை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு, பூச்சாடிக் கடைகளுக்கு எதிரே நிறுத்தியிருந்த ஷாமளாவின் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏர்கோனைப் போட்டார்கள்.

“பேரு சொல்லாத. ஊரு சொல்லாத. என்ன வேலைன்னும் சொல்லாத,” என்றாள் ஷாமளா. “மிச்சத்தைச் சொல்லு.”

“சரி. பொந்தியான்ல ஒரு—”

“லோஷி!” ஷாமளா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். தேநீர்ப் பை அவள் மடியில் விழுந்தது. “ஊரு சொல்லாதன்னு இப்பதானே லா சொன்னேன்!”

“சாரி, சாரி.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல. லோரி சத்தம். முதல்லேர்ந்து ஆரம்பி.”

லோஷினி ஆரம்பித்தாள். ஒரு பெண், ஒரு வரன், ஒரு மாமியார், இரண்டு பதில்கள். சொல்லி முடிக்கும்வரை ஷாமளா தேநீர் சிந்திய பாவாடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமோ?” என்றாள் லோஷினி.

“நாளைக்குக் கல்யாணமாகி அந்தப் பொண்ணு உங்க வீட்டுக்கே வந்தா? உன் அத்தை அப்புறம் உன்னோட எந்தத் தெரியாதையும் நம்ப மாட்டாங்க. அடுத்து உன்கிட்ட வர்ற ஆளுக்கு ஆபத்து.”

“அப்ப சொல்ல முடியாதுன்னதுதான் சரி.”

“அது சரிதான் லா. அதுக்கு முந்தின வாரம் தெரியாதுன்ன பாத்தியா, அதுதான் தப்பு.”

லோஷினி சட்டென்று அவளைப் பார்த்தாள். இந்தப் பக்கத்திலிருந்து அவள் யோசித்திருக்கவில்லை. மலரைப் பற்றிச் சொன்ன பதிலையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“உன் அத்தை ஃபேக்டரியில என்ன செஞ்சாங்கன்னு சொன்ன?”

“கியூசி. மாறியிருக்கிறத எடுத்துத் தனியா வைக்கிறது.”

“எல்லாம் ஒரே மாதிரி வந்தா?”

“எடுக்க ஒண்ணும் இருக்காது.”

“அப்ப எல்லாத்துக்கும் ஒரே பதில் கொடு. யாரக் கேட்டாலும், தெரிஞ்ச ஆளோ தெரியாத ஆளோ, சொல்ல முடியாது. போன பதில அழிக்க முடியாது. ஆனா அது தனியாத் தெரியாமப் பண்ணலாம். இத நீ கல்யாணம் பண்ணி அந்த வீட்டுக்குப் போன அன்னைக்கே ஆரம்பிச்சிருக்கணும்.”

“தாலி கட்டின கையோட இதச் சொல்லச் சொல்றியா?”

“நான் சொன்னேனே. என் மாமியாரு எனக்கு ஏதோ சாமி வந்திருக்குன்னு நினைச்சாங்க.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஷாமளா குரலை மாற்றிக்கொண்டாள். “இது பாதிதான். அந்தப் பொண்ணுக்கும் தெரியணும். வந்த வரன் உன் வீட்டு வரன்னு மட்டும் இல்ல. உன்கிட்ட என்ன தவறிச்சு, வீட்டுல என்ன சந்தேகம் வந்திருக்கலாம், எல்லாம். அதுக்கப்புறம் நீ அவளுக்கு ஆலோசகரா இருக்க முடியாது. வேற ஆள்கிட்ட அனுப்பணும்.”

“தெரியும்.”

“நாளைக்கு உனக்கு எத்தனை பேரு?”

“நாலு பேரு.”

“ரெண்டு பேர அடுத்த வாரத்துக்குத் தள்ளு. உனக்காகச் சொல்லல, காது கேக்காத ஆள்கிட்ட அவங்க பேசக் கூடாதுன்னு சொல்றேன்.” கொஞ்சம் நிறுத்தி, “சரி, உனக்காகவும்தான்,” என்றாள்.

வீடு திரும்பும் வழியில் செடெனாக் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டும்போதே லோஷினி அந்த இருவருக்கும் என்ன சொல்வது என்று யோசித்து முடித்திருந்தாள். காரை நிறுத்தியதும் அழைத்துச் சொன்னாள். இருவருமே “பரவாயில்ல மிஸ்” என்றார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று பேர். ஜெயபாலன் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழியில் எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் தம்பி வசந்தன் துறைமுக வேலை முடிந்து வந்து, குளிக்காமல்கூட மீன் சம்பாலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

“அத்தை, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்,” என்றாள் லோஷினி.

வெள்ளையம்மா நிமிர்ந்தார்.

“ஸ்கூடாய்ப் பொண்ணத் தெரியாதுன்னு சொன்னேன் பாருங்க, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என் வேலையில யாரைப் பத்திக் கேட்டாலும் தெரியும்னும் சொல்லக் கூடாது, தெரியாதுன்னும் சொல்லக் கூடாது. அதனால இனிமே யாரக் கேட்டாலும் ஒரே பதில்தான். சொல்ல முடியாது.”

வெள்ளையம்மா சோற்றைப் பிசைந்தபடியே சோதனையை ஆரம்பித்தார்.

“யாரக் கேட்டாலுமா?”

“யாரக் கேட்டாலும்.”

“கோயில் தலைவரு உன்கிட்ட வந்திருக்காரா?”

“சொல்ல முடியாது அத்தை.”

“சமையல் கேஸ் கொண்டு வர்ற ஆ மெங்?”

“சொல்ல முடியாது.”

“அவனுக்குத் தமிழே தெரியாதேம்மா!”

“இருந்தாலும் சொல்ல முடியாது.”

வசந்தனுக்குச் சோறு புரையேறியது. “அண்ணி, நானு?”

“சொல்ல முடியாது.”

“நான்தான் வரவே இல்லையே. எனக்கே தெரியுமே!”

“அத நீ ஊருக்கே சொல்லலாம் வசந்தா. அது உன் விஷயம். வாயத் தொறக்கக் கூடாதுங்கிற சட்டம் எனக்கு மட்டும்தான்.”

“அலமாக்,” என்றார் வெள்ளையம்மா. ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். “அப்ப என்னைப் பத்தி எவளாச்சும் வந்து கேட்டா?”

“உங்களைப் பத்திக் கேட்டாலும் இதேதான்.”

இந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்ததா இல்லையா என்று சொல்வது கடினம். இப்போது அவர் முன்னால் இருந்த வரிசையில் ஸ்கூடாய்ப் பெண், மலர், கோயில் தலைவர், ஆ மெங், சொந்த மகன் எல்லோரும் ஒரே மாதிரி நின்றார்கள். முந்தைய பதில் அவர் மனத்திலிருந்து முற்றாகப் போயிருக்காது. ஆனால் அதை மட்டும் எடுத்துத் தனியே வைக்கக் காரணம் இல்லாமல் போய்விட்டது. லோஷினி ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பது அவளுக்கு அந்தச் சாப்பாட்டைவிடச் சுவையாக இருந்தது.

“அப்ப உன்கிட்ட கேட்டு ஒரு பிரயோசனமும் இல்ல,” என்று வெள்ளையம்மா கை கழுவ எழுந்தார். “அந்தப் பொந்தியான் பொண்ண நேர்லயே போய்ப் பாத்துட வேண்டியதுதான். ஞாயித்துக்கிழம எல்லாரும் ஃப்ரீதானே?” கை ஈரம் காய்வதற்குள் தரகருக்குப் போன் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை மலர் வந்து உட்கார்ந்ததும், அவள் பேச ஆரம்பிக்குமுன் லோஷினி பேசினாள்.

“இன்னைக்கு முதல்ல நான் ஒண்ணு சொல்லணும் மலர். நாளைக்கு உங்களைப் பாக்க வர்றவங்க என் குடும்பம். வசந்தன் என் வீட்டுக்காரரோட தம்பி.”

மலர் கைப்பையை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

“சொல்லிட்டீங்களா?”

“இல்ல. ஆனா நான் பதில் சொன்ன விதத்துல என் அத்தைக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கலாம். என்ன நடந்துச்சுன்னு அப்படியே சொல்றேன். கேட்டுட்டு நீங்க என்மேல கோவப்படலாம். புகார் கொடுக்கணும்னாலும் எங்க கொடுக்கணும்னு நானே சொல்றேன்.”

ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். கைப்பேசிப் படம், இரண்டு பதில்கள், தரகரிடம் ‘கொஞ்சம் பொறுங்க’ என்றது, ஊரைத் தவறவிட்டபோது காதைப் பொத்திக்கொண்ட சக ஆலோசகர், சாப்பாட்டு மேசை. மலர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆ மெங் வந்த இடத்தில் அவள் தோள் இலேசாக ஆடியது. அழுகிறாள் என்று நினைத்து லோஷினி டிஷ்யூ டப்பாவை நகர்த்தினாள். அழவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“பாவம் மிஸ், அந்த கேஸ் அங்கிள்.”

“பாவம்தான்.”

பிறகு மலர் கைப்பையை மடியில் இறக்கி வைத்தாள். “ஒரு வாரமா தரகர் அம்மாக்கிட்ட என்னென்னமோ கேட்டுட்டு இருந்தாரு. எங்கேர்ந்து வருதுன்னே தெரியல. தெரியாததுதான் பயமா இருந்துச்சு. இப்பப் பரவால்ல.” சற்று நேரம் கழித்து, “கொஞ்சம் கோவமும் இருக்கு,” என்றாள்.

“இருக்கட்டும். இருக்கணும்.”

லோஷினி அடுத்ததைச் சொன்னாள். இனி மலருக்கு வேறு ஆலோசகர் வேண்டும். சம்பந்தம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இந்த நாற்காலிகள் இரண்டும் பழைய மாதிரி இருக்கப்போவதில்லை. மூன்று பேரின் பெயரைக் கொடுத்தாள். மலர் தேர்ந்தெடுப்பவரிடம் லோஷினி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதையும் மலரே முடிவு செய்யலாம்.

“நாளைக்கு?” என்றாள் மலர்.

“எங்க வேலையில ஒரு வழக்கம் இருக்கு. உங்களை பாசார்ல பாத்தா நான் முதல்ல சிரிக்க மாட்டேன். நீங்க சிரிச்சா நானும் சிரிப்பேன். நீங்க தெரியாத மாதிரி போனா நானும் அப்படியே போயிருவேன். நாளைக்கும் அதேதான். நான் வரவே வேணாம்னா, வரல.”

மலர் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தாள்.

“வாங்க மிஸ். நான் பாத்துக்கிறேன்.”

மறுநாள் மலரின் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே வெள்ளையம்மா உட்கார்ந்தார், ஒரு பக்கம் ஜெயபாலனும் வசந்தனும், ஓரத்தில் லோஷினி. மலரின் அப்பா அன்னாசி விலையைப் பற்றிப் பேசினார். ஜெயபாலன் பாலத்து நெரிசலைப் பற்றிப் பேசினான். லோஷினி சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடப் பயிற்சியில் இதற்கு ஒரு முகம் சொல்லித் தரப்படவில்லை.

மலர் தட்டில் சிரப் தண்ணீர் கொண்டுவந்தாள். முதலில் வெள்ளையம்மாவுக்குக் கொடுத்தாள். ஜெயபாலனுக்கு. வசந்தனுக்கு, இலேசான சிரிப்போடு. கடைசியாக லோஷினிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“வாங்க மிஸ்,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

மலர் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெள்ளையம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“இவங்கள எனக்குத் தெரியும் அத்தை. நான் இவங்ககிட்ட கவுன்சிலிங் போயிட்டிருந்தேன். வேற யார் மூலமாவது தெரிய வர்றதவிட நானே சொல்லிடறேன்.”

மலரின் அம்மா, “மலரு!” என்று மெல்லக் கத்தினார். வசந்தன் குடிக்க எடுத்த கிளாஸை அப்படியே பிடித்திருந்தான். வெள்ளையம்மாவின் பார்வை மருமகள்மீது விழுந்து நின்றது. ஆமாம் என்றோ இல்லை என்றோ லோஷினி இப்போதும் தலையசைக்கவில்லை. மலர் தன் விஷயத்தைத் தானே சொல்லலாம். அதனால் லோஷினியின் வாய் திறந்துவிடாது. அவள் மலரைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவ்வளவுதான்.

“எதுக்கும்மா போன?” என்று கேட்டார் வெள்ளையம்மா.

“அத வசந்தன்கிட்ட சொல்றேன் அத்தை. அவர் கேக்க விரும்பினா.”

“நான் கேக்கிறேன்,” என்றான் வசந்தன், கொஞ்சம் அவசரமாக. ஜெயபாலன் இருமினான்.

வெள்ளையம்மா மலரை மேலும் கீழும் பார்த்தார். தொழிற்சாலை விளக்கின்கீழ் பார்க்கும் அதே பார்வை. பிறகு சோபாவில் சாய்ந்துகொண்டார்.

“அப்பாடா. நீயாச்சும் வாயத் தொறந்து சொன்னியே. எதையோ ஒளிக்கிறாங்களோன்னுதான் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இதோ இங்க ஒருத்தி உக்காந்திருக்கா பாரு, கேஸ்காரனப் பத்திக் கேட்டாக்கூடச் சொல்ல மாட்டா. ஒரு வாரமா என்னைப் படுத்தின பாடு!” மலரின் அம்மாவை நோக்கித் திரும்பினார். “உக்காருங்கம்மா. ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? பிள்ளைங்க வெளிய போய்ப் பேசட்டும். அந்தக் கேசரிய எடுங்க.”

வசந்தனும் மலரும் முன்வாசலுக்குப் போனார்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று உள்ளே கேட்கவில்லை. நெடுநேரம் பேசினார்கள். ஒரு தடவை சிரிப்புச் சத்தம் வந்தது. திரும்பி வந்தபோது வசந்தன், “இன்னொரு தடவ பாத்துப் பேசிட்டுச் சொல்றோம்மா,” என்றான். வெள்ளையம்மா ஆட்சேபிக்கவில்லை. விடைபெறும்போது மலரின் கையைப் பிடித்து, பஸ்ஸில் தனியாகப் போய்வருகிறாளா, மத்தியானம் எங்கே சாப்பிடுகிறாள் என்றெல்லாம் விசாரித்தார்.

திரும்பும் வழியில் ஜெயபாலன் காரை ஓட்ட, வசந்தன் முன்னால் உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தான். சாலையின் இரு பக்கமும் அன்னாசித் தோட்டம். வானொலியில் பழைய பாட்டு. பின் இருக்கையில் லோஷினியின் தலை ஜன்னலில் மோதி, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து, கடைசியில் மாமியாரின் தோளில் போய் நின்றது. வாய் இலேசாகத் திறந்திருந்தது.

“பாலா, ரேடியோவக் கொற,” என்றார் வெள்ளையம்மா. “மெதுவாப் போ. தூங்கறா.”